கொடுங்கை கூறும் சான்று

"தமிழ்நாட்டிலே பௌத்தம் தழைத்திருந்தது என்கிறீர்களே, அப்படியானால் அதன் கோயில் எங்கே? சிவனுக்குக் கோயில் இருக்கிறது. திருமாலுக்குக் கோயில் இருக்கிறது. சமணருக்குக்கூடச் சித்தன்னவாசல் இருக்கிறது. புத்தருக்கு எங்கே?"

பகுத்தறிவு பேசும் இளைஞனை மடக்கப் பக்திப் பேச்சாளர் எடுத்து வீசும் கேள்வி இது. வீசிவிட்டு, விடை வராது என்ற நம்பிக்கையிலே புன்னகையும் புரிகிறார்.

புதுக்கோட்டை மாவட்டத்திலே இந்தக் கேள்விக்கு வலு அதிகம். அங்கே குன்றுதோறும் கோயில். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரம், கொடும்பாளூரில் மூவர் கோயில், குடுமியான்மலை, குன்றாண்டார்கோயில், மலையடிப்பட்டி, திருமயம் என்று ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கல் வேலை கண் முன்னே நிற்கிறது. சமணத்தின் சுவடும் நிற்கிறது. ஆனால், "இதோ விகாரை" என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு கட்டடமும் நிற்கவில்லை.

இந்தக் கேள்விக்கு நம்மவரிற் சிலர் தரும் விடையோ கேள்வியைவிட மெலிந்தது. "இருக்கிற கோயிலெல்லாம் பழைய விகாரைதான்! இடித்தார்கள், மாற்றினார்கள், மறைத்தார்கள்!" என்று முழங்குகிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது. எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த ஆண்டு, எந்தக் கல்வெட்டு என்று ஒருவர் எழுந்து கேட்டால், கைதட்டல் ஓய்ந்துவிடுகிறது. ஆதாரமின்றிப் பேசுவது புராணிகருக்குத் தொழில். அதை நாமும் கைக்கொண்டால் அவருக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

கேட்பவரும் விடை தருபவரும் எதிரெதிர் மேடையில் நிற்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். கல்லாக நிற்பதுதான் வரலாறு என்று எண்ணுகிறார்கள். கல் இல்லையென்றால் கோயிலே இல்லை என்கிறார் ஒருவர். கோயில் இருந்திருந்தால் இந்தக் கல்லாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறார் மற்றவர். கல்லுக்கு முன்னே மரம் இருந்தது என்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள்.

கல் அணிந்த மரவேடம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவுடையார்கோயிலுக்குச் செல்லுங்கள். திருப்பெருந்துறை என்று சைவர் போற்றும் ஊர் அது. குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டார் என்று கதை வழங்கும் தலம். அதே மாணிக்கவாசகர், ஈழத்திலிருந்து தில்லைக்கு வந்த பௌத்தர்களை வாதில் வென்றார் என்றும் புராணம் பேசுகிறது. அங்கே கும்பிடச் சொல்லவில்லை. அண்ணாந்து பார்க்கச் சொல்கிறேன்.

மண்டபத்தின் ஓரத்தில் வெளியே வளைந்து இறங்குகிறதே, அதற்குக் கொடுங்கை என்று பெயர். சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, தாரமங்கலத்துத் தூண் முதலியவை நீங்கலாக மற்ற எதையும் செய்து தருகிறோம் என்று முறி எழுதிக்கொடுப்பார்கள் என்பது நாட்டு வழக்கு. அவ்வளவு அருமையான வேலை. அந்த வேலை எதைக் காட்டுகிறது? வளைந்த மரச்சட்டங்களைக் காட்டுகிறது. சட்டங்களின்மேல் குறுக்கே ஓடும் கம்பிகளைக் காட்டுகிறது. சட்டத்தையும் கம்பியையும் பிணைக்க அடித்த ஆணிகளின் தலையைக்கூடக் காட்டுகிறது!

கல்லுக்கு ஆணி எதற்கு? கல்லுக்குக் குறுக்குக் கம்பி எதற்கு? ஒரே பாறையிற் செதுக்கிய கொடுங்கைக்கு ஆணி அடிக்காவிட்டால் அது விழுந்துவிடுமா? விழாது. ஆணிக்கு அங்கே வேலையே இல்லை. மரக்கூரை வேய்ந்த தச்சனின் நினைவுதான் அங்கே கல்லாக உறைந்திருக்கிறது. அந்த மண்டபங்கள் மாணிக்கவாசகர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அத்தனை காலம் சென்ற பின்னரும், சிற்பியின் உளி மரத்தை மறக்கவில்லை.

ஆவுடையார்கோயிலோடு இது முடியவில்லை. நார்த்தாமலைக்கும் கொடும்பாளூருக்கும் சென்று விமானத்தைக் கூர்ந்து நோக்குங்கள். கூரை விளிம்பாகிய கபோதத்தில் சின்னஞ்சிறு வளைவுகள் வரிசையாக நிற்கும். சிற்பிகள் அவற்றைக் கூடு என்பார்கள். மரத்தை வளைத்துக் கட்டிய கூரையின் முகப்பு வளைவு அது. மேல்தளத்தில் நீண்ட வண்டிக்கூடு போன்ற உறுப்பு ஒன்று இருக்கும். சாலை என்று அதற்குப் பெயர். மூங்கிலும் மரமும் வளைத்து ஓலையோ புல்லோ வேய்ந்த நீள்கூரையின் கல் வடிவம் அது. தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே போதிகை நிற்கும். மரத்தூணின் தலையில் குறுக்குக் கட்டை வைத்து உத்திரத்தின் பாரத்தைப் பகிர்ந்த முறையின் கல் வடிவம் அது. அடித்தளத்தின் மேலே யாளித் தலைகள் வரிசையாக எட்டிப் பார்க்குமே, அவை நிற்கும் இடம் மரத்தளத்தின் விட்டங்கள் சுவருக்கு வெளியே முனை நீட்டிய இடம் என்று கட்டடக்கலை ஆய்வாளர் விளக்குவர்.

சொற்களும் சாட்சி சொல்கின்றன. கல்லிலே வேலை செய்பவனுக்குத் தமிழ் தந்த பெயர் கல்தச்சன். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவனை அக்கோயிற் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று குறிக்கிறது. 200 அடிக்கு மேல் கல்லை உயர்த்தியவனுக்குப் பட்டம் பெருந்தச்சன்! தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொற்கூரை இட்ட செயலைப் பொன் வேய்ந்தான் என்கிறோம். வேய்வது ஓலைக்கும் புல்லுக்கும் உரிய சொல். தங்கம் வந்த பிறகும் சொல் மாறவில்லை. அந்தச் சிற்சபை இன்றும் மர அமைப்பாகவே நிற்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மாற்றம் நிகழ்ந்த காலத்துக்கும் எழுத்துச் சான்று உண்டு. 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குகைக்கோயிலைக் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி இதனை அமைத்தேன் என்று அங்கே பெருமையோடு பொறித்தும் வைத்தான். ஏன் அந்தப் பெருமை? அதுவரை தமிழ்நாட்டிலே கோயில் என்றால் செங்கல்லும் மரமும் சுதையும்தான். சிவன் கோயிலும் அப்படி, திருமால் கோயிலும் அப்படி, விகாரையும் அப்படி. எவருடைய மரக்கோயிலும் அந்தக் காலத்திலிருந்து இன்று வரை முழுதாக நிற்கவில்லை. அவ்வாறிருக்க, புத்தரை மட்டும் தனியே நிறுத்தி, "உன் கோயில் எங்கே?" என்று கேட்பது என்ன நியாயம்?

யாருடைய வடிவம்?

"சரி, மரவடிவம்தான். ஆனால் அது எங்கள் ஆகமம் கூறிய வடிவம்" என்பார் பக்தர். வடிவத்தின் வரலாற்றைத் தேடிப் பார்ப்போம்.

மரக்கூரையின் வளைவு முகப்பைக் கல்லில் காட்டும் மிகப் பழைய சான்று பீகாரின் பராபர் குன்றுகளிலே உள்ள லோமசரிஷி குகை. அசோகர் காலத்தை ஒட்டியது. அந்தக் குன்றுகளின் குகைகள் ஆசீவகத் துறவிகளுக்கு வழங்கப்பட்டவை. அடுத்து, மராட்டிய நாட்டின் பாஜாவும் கார்லேயும். பாறையைக் குடைந்து பிக்குகள் அமைத்த சைத்திய மண்டபங்கள் அவை. கார்லே மண்டபம் ஏறத்தாழ 124 அடி நீளம், 45 அடி அகலம். குடைந்த பாறைக்குக் கூரைச் சட்டம் வேண்டுவதில்லை. ஆயினும் உட்கூரையிலே தேக்குச் சட்டங்களை வளைத்துப் பொருத்தினார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் கடந்தும் அந்தத் தேக்கு அங்கே இருக்கிறது. பாஜாவின் மரச்சட்டங்களில் பிராமி எழுத்துகளே கிடைத்துள்ளன. சாஞ்சியின் கல்வேலியோ, ஒரு மரத்தில் துளையிட்டு மற்றொன்றின் முனையைச் செருகும் தச்சு முறையை அப்படியே கல்லிற் செய்து காட்டுகிறது.

இந்த வளைவு முகப்புதான் சுருங்கிச் சுருங்கி, நார்த்தாமலையின் கபோதத்தில் உள்ளங்கை அகலக் கூடாக உட்கார்ந்திருக்கிறது. ஆசீவகர் குகை வாயிலிலும் பிக்குகளின் மண்டபத்திலும் பெரிதாக நின்ற வடிவம், சிவன் கோயிலில் அணியாக நிற்கிறது.

இதைக் கொண்டு, "ஆகவே நார்த்தாமலை புத்தர் கோயில்" என்று பாய்ந்துவிடாதீர்கள்! சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை. சான்று சொல்வது இதுதான்: வடிவம் எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்து அன்று. அது தச்சனின் சொத்து. ஆசீவகன் கேட்டாலும், பௌத்தன் கேட்டாலும், சமணன் கேட்டாலும், சைவன் கேட்டாலும் தச்சன் தான் அறிந்த கூரையைக் கட்டித் தந்தான். தெய்வம் அருளிய வடிவம் என்று பின்னே வந்தவர்கள் நூல் எழுதி, தச்சனின் பெயரை அழித்து, மேலே தெய்வத்தின் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மரம் தேர்ந்தவன் அறிவு

தச்சன் மரத்தைத் தேர்ந்த முறையிலே பகுத்தறிவு இருந்தது. மழை, வெயில், கறையான் ஆகிய மூன்றையும் தாங்குமா என்பதே அவனது முதற் கேள்வி. மரத்தின் வெளிப்புற வெண்பகுதியைக் கறையான் எளிதில் அரிக்கும்; உள்ளே வைரம் பாய்ந்த சேகு நெடுநாள் நிற்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை கறையானை அண்டவிடாது. அதில் அடித்த இரும்பாணியும் எளிதில் துருவேறாது. பனைக்கு மற்ற மரங்களின் இயல்பு தலைகீழ்: வைரம் வெளியே, சோறு உள்ளே. ஆகவே பனையைப் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எறிந்து, வெளிவைரத்தைக் கைமரமாக்கினான். எந்த நூலும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கையும் கண்ணும் சொல்லித் தந்தன.

இடத்துக்கேற்ற மரம் என்பதும் அவன் விதி. கங்கைக் கரையில் பாடலிபுத்திர நகருக்கு மரத்தால் அரண் இருந்ததென்று கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதினார். 20-ம் நூற்றாண்டின் அகழாய்விலே அந்த அரண் வெளிப்பட்டது. அங்கே கிடைத்தது அப்பகுதிக் காடுகளின் சாலமரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கார்லேயில் தேக்கு. பர்மாவின் மாந்தலையிலே அரண்மனைக் கட்டடமாக இருந்து 1880-ம் ஆண்டளவில் பெயர்க்கப்பட்டு மடாலயமாக மாறிய சுவேநந்தா முழுவதும் தேக்கு. ஜப்பானில் ஹினோக்கி என்னும் ஊசியிலை மரம். புத்தர் ஒருவரே, மரம் நாட்டுக்கு நாடு வேறு. சமயம் மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, மண்ணே தேர்ந்தெடுத்தது.

புதுக்கோட்டை மண்ணை நினைத்துப் பாருங்கள். மழை குறைந்த நாடு. அதன் இயற்கைக் காட்டிலே பாலை, வீரை போன்ற உறுதியான மரங்கள் உண்டு. ஆனால் அவை நெட்டையாக ஓங்கி வளர்ந்து, அகன்ற மண்டபத்துக்கு நீண்ட உத்திரம் தருபவை அல்ல. நெடிய கைமரத்துக்குப் பனை உண்டு. பாறைக்கோ பஞ்சமே இல்லை. மரம் அரிதான, பாறை மலிந்த நாட்டில் செல்வமும் படைபலமும் கொண்டவன் கல்லுக்கு மாறியதிலே வியப்பில்லை. அந்த மாற்றத்துக்கு விலையும் உண்டு. மரம் வளைந்து தாங்கும். கல் வளைந்தால் முறியும். ஆகவே கல் உத்திரத்தின் நீளம் குறைந்தது, தூண்கள் நெருங்கின, மண்டபம் தூண்காடாயிற்று. நூற்றுக்கால் மண்டபம், ஆயிரங்கால் மண்டபம் என்று நாம் வியப்பதிலே ஒரு பகுதி கல்லின் இயலாமை.

திருட்டு மரமும் சாதி மரமும்

தச்சன் அறிவு இது. மரத்தைப் பற்றிச் சமய நூல்கள் வகுத்தது என்ன? இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பௌத்தத்தின் விநய நூலிலே ஒரு கதை. தனியன் என்னும் பிக்கு, குயவன் மகன். புல்லால் குடில் கட்டினான். புல்லும் விறகும் சேர்ப்போர் அதைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மும்முறை இப்படி நடந்தது. பிறகு மரக்கிடங்குக் காவலனிடம், அரசர் தந்துவிட்டார் என்று கூறி அரசாங்க மரத்தை எடுத்து வந்து குடில் கட்டினான். விம்பிசார மன்னன் அவனை எச்சரித்து விட்டுவிட்டான். ஆனால் சங்கம் விடவில்லை. கொடுக்கப்படாததை எடுப்பவன் பிக்குவே அல்லன் என்ற விதி இந்த மரத்தின் பேரிலேதான் பிறந்தது என்கிறது அந்நூல். மற்றொரு கதை: கோசம்பியில் சன்னன் என்னும் பிக்கு, பெரிய விகாரை கட்டுவதற்காக ஊரார் போற்றிவந்த மரத்தை வெட்டிவிட்டான். மக்கள் கொதித்தார்கள். இடத்தைப் பிக்குகள் பார்த்து ஒப்பிய பின்னரே கட்டவேண்டும் என்று விதி வந்தது. பிக்கு தனக்கெனத் தானே இரந்து கட்டும் குடிலுக்கு நீளம் 12 சாண், அகலம் 7 சாண் என்று எல்லையும் வந்தது.

இந்த விதிகள் எதைக் கேட்கின்றன? மரம் யாருடையது, கேட்டு வாங்கினாயா, ஊராருக்குத் தீங்கா, தேவைக்கு மிஞ்சியதா?

இனி, 6-ம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையைத் திறவுங்கள். தெய்வ உருவம் செய்ய மரம் தேடிக் காடு புகும் முறைக்கு அதிலே ஓர் அத்தியாயம் உண்டு. இடி விழுந்த மரம் ஆகாது என்பது போன்ற, தச்சனும் ஒப்பத்தக்க சில செய்திகள் அதிலே உள்ளன. கூடவே, எந்த மரம் எந்த வருணத்தாருக்கு நலம் என்ற பட்டியலும் உள்ளது! பிராமணருக்குத் தேவதாரு, சந்தனம், வன்னி, இலுப்பை. க்ஷத்திரியருக்கு வேம்பு, அரசு, கருங்காலி, வில்வம். வைசியருக்குத் தனி வரிசை. சூத்திரருக்குத் தும்பிலி, மகிழம், மருது, மா, சாலம் முதலியவை.

கவனியுங்கள், தோழர்களே! காட்டில் வளர்ந்த மரத்துக்கும் சாதி! அதிலும் ஒரு வேடிக்கை: கடைசிப் படியில் வைத்த சாலம் கட்டடத்துக்கு உழைக்கும் மரங்களில் முதல் வரிசை, பாடலிபுத்திரத்தைக் காத்த மரமே அதுதான். இரண்டாம் படியிலே ஏற்றிவைத்த அரசமரமோ, எந்தத் தச்சனும் உத்திரத்துக்குத் தொடாத மென்மரம். வைரத்தைப் பார்த்துத் தரம் பிரித்தவன் தச்சன். வருணத்தைப் பார்த்துத் தரம் பிரித்தது நூல். இரண்டிலே எது அறிவு?

இதைச் சொல்வதால், பௌத்தத்தின்மேல் புதிய பக்தி கொள்ளுங்கள் என்று அழைப்பதாக எண்ண வேண்டா. பிக்குகளின் சங்கமும் பின்னாளிலே ஊர்களையும் வயல்களையும் மானியமாகப் பெற்றுக் கொழுத்தது. போதிமரத்தைக் கும்பிடச் சொன்னதும் அதுவே. நூலுக்கு நூல் ஒப்பிட்டு, எது மனிதனைப் பார்த்துப் பேசுகிறது, எது பிறப்பைப் பார்த்துப் பேசுகிறது என்று எடைபோடுவதே நம் வேலை.

எப்படி மறைந்தன?

பூம்புகாரை அடுத்த பல்லவனேச்சரத்திலே 1960-களில் நடந்த அகழாய்வு, ஒரு பௌத்த விகாரையை வெளிக்கொணர்ந்தது. செங்கற் சுவர், சதுரமான அறைகளின் வரிசை, புத்தர் பாதம் பொறித்த கல். 4 அல்லது 5-ம் நூற்றாண்டினது என்பர். சுவர் கிடைத்தது, தரை கிடைத்தது, கூரை கிடைக்கவில்லை. கூரை மரம். அருகே கீழையூரில் கிடைத்த பழைய படகுத்துறையிலோ, அதைவிடப் பல நூற்றாண்டு முந்திய மரக்கம்பங்களே கிடைத்தன. காற்றுப் புகாத ஈரச்சேற்றில் அமிழ்ந்த மரம் எளிதில் மக்காது. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் கூரைமரம் மக்கும்.

ஈழத்து அநுராதபுரத்தில் உலோகப்பிரசாதம் என்றொரு மாளிகை. துட்டகைமுனு மன்னன் ஒன்பது நிலையில் எழுப்பினான். அடுத்து வந்த சத்தாதிச்சன் காலத்தில் எரிந்து ஏழு நிலையாக மீண்டும் எழுந்தது என்று மகாவமிசம் கூறுகிறது. இன்று அங்கே நிற்பவை ஏறத்தாழ 1,600 கல்தூண்கள். மேல்நிலைகள் மரம்; ஆகவே இல்லை. பௌத்தம் இன்றளவும் வாழும் நாட்டிலேயே மரமாளிகையின் கதி இதுவானால், பௌத்தம் தேய்ந்த தமிழ்நாட்டில் என்ன எதிர்பார்ப்பது?

ஆனால் மரம் என்றாலே அழிவு என்பதில்லை. ஜப்பானின் ஹோரியூஜி விகாரையின் ஐந்தடுக்குக் கோபுரம் 1,300 ஆண்டுகளாக மரமாகவே நிற்கிறது. அதன் நடுத்தூண் 594-ம் ஆண்டில் வெட்டிய மரம் என்று வளர்வளையங்களை எண்ணி 2001-ல் அறிவித்தார்கள். எப்படி நின்றது? அகன்ற இறவாரம் மழையைத் தள்ளிவைத்தது. மக்கிய துண்டை மட்டும் எடுத்துவிட்டு, அதே இன மரத்தை ஒட்டுப்போடும் தச்சர் பரம்பரை அறாமல் இருந்தது. அதற்குப் பொருள் தரும் ஆதரவும் அறாமல் இருந்தது. மரக்கோயில் வாழ்வது மரத்தால் மட்டுமன்று, ஆண்டுதோறும் கூரை மேல் ஏறுகிற மனிதனால்.

தமிழ்நாட்டு விகாரைகளுக்கு அந்த மனிதன் இல்லாமற் போனான். மன்னர் ஆதரவும் வணிகர் ஆதரவும் திசை மாறின. கூரை ஒழுகிற்று, உத்திரம் மக்கிற்று, சுவர் சாய்ந்தது, செங்கல்லை ஊரார் எடுத்துச் சென்றார்கள். இடிக்க ஒரு படை வரவேண்டிய தேவை இல்லை. பத்து மழைக்காலம் கூரையைக் கவனியாமல் விட்டாலே போதும். எங்கேனும் இடித்தற்குச் சான்று கிடைத்தால் அதையும் அஞ்சாமல் எழுதுவோம். கிடைக்காத இடத்தில் கதை கட்ட வேண்டா.

சான்றோடு கூடிய ஓர் இடிப்பை நினைவூட்டுகிறேன். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை, கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் எழுப்பியது. சைவனான இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். லெய்டனில் நெடுங்காலம் இருந்த செப்பேடுகள் இதைக் கூறும். அந்த ஊரிலேயே 19-ம் நூற்றாண்டு வரை மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்று நின்றது. 1846-ல் அதைக் கண்ட வால்டர் எலியட், கீழ்நிலையின் மேற்புறச் சுவரில் இரண்டாம் நிலையின் தளம் பொருந்தியிருந்த அடையாளங்களைக் குறித்து வைத்தார். தளம் அப்போதே இல்லை. பொருந்திய தழும்பு மட்டும் சுவரில் இருந்தது. 1856-ல் அருகே ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டியபோது, அதன் அடியிலே புத்தர் உருவங்கள் கிடைத்தன. 1867-ல், ஆங்கில அரசின் இசைவோடு, ஏசு சபைப் பாதிரிமார் அந்தக் கோபுரத்தை இடித்தனர். சைவ மன்னன் ஊர் கொடுத்தான். கிறித்தவப் பாதிரிமார் இடித்தார்கள். ஆங்கில அரசு கையெழுத்திட்டது. மேடை முழக்கத்துக்கு இது வசதியான கதை அன்று. ஆனால் ஆண்டும் பெயரும் கொண்ட உண்மை.

செய்ய வேண்டுவது

ஆகவே, "எங்கே உங்கள் விகாரை?" என்று கேட்பவருக்கு இனி அமைதியாக விடை கூறுங்கள். "மகேந்திரனுக்கு முந்திய உங்கள் கோயில் எங்கேயோ, அங்கேதான் எங்கள் விகாரையும். இரண்டையும் மழையும் கறையானும் தின்றன. இரண்டையும் கட்டிய தச்சனின் கைவேலை, உங்கள் கல்லிலேயே ஆணித்தலையாக எஞ்சியிருக்கிறது" என்று கூறுங்கள்.

கூறுவதோடு நின்றுவிடவும் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்து இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. பொற்பனைக்கோட்டையில் 2021-லும் 2023-லிருந்தும் அகழாய்வு நடந்தது. அத்தகைய இடங்களிலே பொன்னும் மணியும் கிடைத்தால் செய்தி ஆகிறது. கரித்துண்டும் கம்பம் நட்ட குழியும் கிடைத்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரித்துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் எந்த மரம் என்று சொல்ல முடியும். அதன் கரிமத்தை அளந்தால் எந்தக் காலம் என்று சொல்ல முடியும். திருப்பணி என்ற பெயரிலே பழைய கதவு, நிலை, உத்திரம், தேர்ச்சட்டம் ஆகியவற்றைக் கழற்றி விறகுக்கு விற்கிறார்களே, அதற்கு முன் ஒரு துண்டையேனும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பக் கேளுங்கள். பெங்களூரில் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கேட்பதற்குப் பக்தி தேவையில்லை, பொறுப்பு போதும். உங்கள் ஊர் முதிய தச்சர்களிடம் சென்று, எந்த மரத்தை எதற்குக் கொண்டார்கள், எப்போது வெட்டினார்கள், எவ்வளவு நாள் உலர்த்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்த அறிவு எந்த ஆகமத்திலும் முழுமையாக இல்லை. அவர்களோடு போய்விட்டால் திரும்பி வராது.

கோயிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது பகுத்தறிவு அன்று. உள்ளே இருக்கும் தெய்வத்தை ஏற்காதவன், கூரையைத் தாங்கும் உழைப்பை ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். ஆவுடையார்கோயிலின் கொடுங்கையிலே அந்த ஆணியைச் செதுக்கியவன் பெயரை எவரும் நமக்குச் சொல்லவில்லை. அவனுக்கு முன்னே மரத்தில் அந்த ஆணியை அடித்தவன் பெயரும் தெரியாது. அவன் விகாரைக்கு அடித்தானோ, சிவாலயத்துக்கு அடித்தானோ, சமணப் பள்ளிக்கு அடித்தானோ, அதுவும் கல்லில் எழுதப்படவில்லை. ஒன்று மட்டும் உறுதி. கூரை ஒழுகக் கூடாது என்று எண்ணியே அடித்தான்.